வாலைப் பற்றி மூன்று கேள்விகள்

விலங்குகளுக்கு வால் எதற்கு? மனிதனுக்கு அது ஏன் இல்லாமல் போனது? அப்புறம், நம் பேச்சில் வாலுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர்? இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள் போலத் தெரியும். ஆனால் ஒரே இடத்திலிருந்து தொடங்கினால் மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல முடியும். வால் என்பது உடம்பின் பின்பக்கம் வந்து ஒட்டிக்கொண்ட உறுப்பு அல்ல. அது முதுகெலும்பின் தொடர்ச்சி.

நாயின் கழுத்தில் விரலை வைத்து முதுகுத்தண்டு வழியாக அப்படியே தடவிக்கொண்டு போய்ப் பாருங்கள். இடுப்பைத் தாண்டியும் அந்த முள்ளெலும்பு வரிசை நிற்காது. வாலின் நுனிவரை, சுமார் இருபது எலும்புகளாக, சிறுத்துச் சிறுத்துப் போய்க்கொண்டே இருக்கும். அவற்றோடு தசை, ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் கூடவே போகும். வாலைப் பிடித்து இழுப்பது முதுகெலும்பின் ஒரு முனையைப் பிடித்து இழுப்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பலதும் தானாகப் புரியும்.

உயிரியல் இதற்கு ஒரு தெளிவான எல்லை வகுத்திருக்கிறது: கழிவு வெளியேறும் துவாரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பகுதியே வால். பாம்புக்கு எங்கே உடம்பு முடிகிறது, எங்கே வால் தொடங்குகிறது என்று குழம்புபவர்களுக்கு இதுதான் விடை. துவாரத்துக்கு முன்னால் விலா எலும்புகள் உள்ள உடம்பு, அதற்குப் பின்னால் விலா எலும்பு இல்லாத வால். பெரும்பாலான பாம்புகளில் வால் என்பது மொத்த நீளத்தில் ஒரு சிறு பகுதிதான்.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் தேளுக்கு வாலே கிடையாது. நாம் வால் என்று சொல்கிற அந்தக் கணுக்கணுவான பகுதிக்குள் அதன் குடல் ஓடுகிறது. மலத்துவாரம் கொடுக்குக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆகவே அது வயிற்றின் நீட்சி. தென் அமெரிக்காவில் உள்ள அனான்டெரிஸ் என்ற தேளினம், எதிரி பிடித்தால் அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும். துவாரமும் அதோடு போய்விடுவதால் பிறகு அதனால் மலம் கழிக்கவே முடியாது. உள்ளே கழிவு சேர்ந்து வயிறு வீங்கியபடி சில மாதங்கள் வாழ்ந்து இறந்துபோகும்.

மயிலுக்கு வால் உண்டு, ஆனால் நாம் பார்த்து வியப்பது அதை அல்ல. விரித்தாடும் தோகை, வாலுக்கு மேலே முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து வளரும் மூடு இறகுகளால் ஆனது. அசல் வால் அதற்குப் பின்னால் இருக்கிறது. குட்டையான, விறைப்பான, பழுப்பு நிறமான 20 இறகுகள். தோகை விரியும்போது முட்டுக் கொடுத்து நிறுத்துவது அவைதான். மயில் ஆடும்போது பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால் அந்த உழைப்பு தெரியும்.

சரி, பேச்சு வழக்குக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

"எங்கிட்ட வாலாட்டாதே" என்றால் திமிர் காட்டாதே, வம்புக்கு வராதே என்று பொருள். "அவர் முன்னால் போய் வாலாட்டிக்கொண்டு நிற்கிறான்" என்றால் குழைகிறான், அடிபணிகிறான் என்று பொருள். ஒரே செயல், நேர் எதிரான இரண்டு அர்த்தங்கள். முதலாவது குரங்கைப் பார்த்து வந்தது, இரண்டாவது நாயைப் பார்த்து வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் நாயின் வாலை மட்டும் கவனித்தாலே இந்த இரண்டு அர்த்தங்களும் அதில் இருக்கின்றன.

நாய் வாலாட்டினால் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நம்புவது ஆபத்தான பாதி உண்மை. வாலாட்டம் காட்டுவது கிளர்ச்சியை. அது நட்பாகவும் இருக்கலாம், மிரட்டலாகவும் இருக்கலாம். உடம்பு தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து ஆட, வால் அகலமாக வீசினால் அது வரவேற்பு. வால் உயர்ந்து, விறைத்து, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால், உடம்பும் அசையாமல் இறுகி நின்றால், அந்த நாய் உங்களை எச்சரிக்கிறது. தெருவில் தெரியாத நாயை நோக்கிக் குழந்தை கையை நீட்டும்போது "வாலாட்டுதே, ஒண்ணும் செய்யாது" என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். வால் தாழ்ந்து கால்களுக்கு இடையே மடங்கியிருந்தால் அது பயம். பயந்த நாயை மூலையில் நெருக்கினால் அதுவும் கடிக்கும்.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள். வளர்ப்பவரைப் பார்க்கும்போது நாயின் வால் வலப்பக்கமாகச் சற்று அதிகம் வீசுகிறது. அறிமுகமில்லாத, ஆதிக்கம் காட்டும் நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் சாய்கிறது. மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு உணர்ச்சிகளில் முந்திக்கொள்வதன் விளைவு இது. அதே குழுவினர் 2013-இல் தலைகீழாகச் சோதித்தார்கள். இடப்பக்கம் வாலாட்டும் நாயின் படத்தைப் பார்த்த மற்ற நாய்களுக்கு இதயத் துடிப்பு ஏறியது, பதற்றம் கூடியது. நம் கண்ணுக்குப் பிடிபடாத சாய்வை நாய்கள் படித்துக்கொள்கின்றன.

பிறந்த குட்டி வாலாட்டுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சில வாரங்கள் கழித்து, கூடப்பிறந்தவற்றோடு முட்டி மோதி விளையாடத் தொடங்கும் பருவத்தில்தான் அது வருகிறது. பார்க்க யாராவது இருந்தால்தான் பெரும்பாலும் அந்த அசைவே நடக்கிறது. அதனால் அதைப் பேச்சு என்றே எண்ணலாம்.

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்ற பழமொழியைத் திருந்தாத ஆளைப் பற்றி அலுத்துக்கொள்ளும்போது சொல்கிறோம். எனக்கு இந்தப் பழமொழிக்குள் இருக்கும் கவனிப்பு மிகவும் பிடிக்கும். ஓநாய்க்கு வால் சுருளாது, நேராகத் தொங்கும். சுருண்ட வால் மனிதனோடு வாழத் தொடங்கிய நாயினத்தின் அடையாளம். சோவியத் உயிரியலாளர் டிமிட்ரி பெல்யாயேவ் 1959-இல் ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கினார். பண்ணையில் வளர்ந்த வெள்ளி நரிகளில் மனிதனைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யவிட்டார்கள். வாலின் வடிவத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, சாதுவான குணத்தை மட்டும்தான் பார்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே ஆட்களைக் கண்டு வாலாட்டும் நரிகள் பிறந்தன. பிறகு சிலவற்றுக்கு வால் சுருளவும் தொடங்கியது. அப்படியானால் நிமிராத அந்த வால், நாயின் பிடிவாதத்துக்கு அடையாளம் இல்லை. அது நம்மோடு ஒத்துவாழ இசைந்த குணத்தோடு சேர்ந்து வந்திருக்க வாய்ப்புள்ள ஒன்று. நாம் அதைத் திருந்தாமைக்கு உவமையாக்கிவிட்டோம்.

பூனைக்கு வேறு அகராதி. வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு வந்தால் அது நட்பு. படுத்திருக்கும் பூனை வாலைப் படீர் படீரென்று தரையில் அடித்தால் போதும், விட்டுவிடு என்று பொருள். நாயின் மொழியைப் பூனைமேல் ஏற்றிப் படிப்பவர்கள்தான் கீறல் வாங்குகிறார்கள்.

"தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறான்" என்பது மாடு வைத்திருந்தவர்கள் சொன்ன சொல். கழுத்துக் கயிறு கையில் இருக்கும்வரை மாட்டைத் திருப்பலாம், நிறுத்தலாம். அதை விட்டுவிட்டு வாலைப் பிடித்தால் மாடு போகும் திசைக்கு நாம் இழுபடுவோம், உதையும் வாங்குவோம். இதில் ஒரு கூடுதல் உண்மையும் உண்டு: மாட்டின் வாலை முறுக்கி ஓட்டும் பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வால் எலும்பு முறிந்த மாடுகளும் இருக்கும். "புலி வாலைப் பிடித்த கதை" வேறு வகை. அங்கே பிடித்ததை விடவும் முடியாது. "பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு" என்று இரட்டை வேடக்காரனைச் சொல்கிறோமே, அதுவும் ஆற்றில் கண்டு சொன்னதுதான். விலாங்கில் முதுகுத் துடுப்பு, வால் துடுப்பு, அடித்துடுப்பு மூன்றும் ஒரே நாடாவாக இணைந்திருக்கும். முன்பக்கம் பாம்பு, பின்பக்கம் மீன்.

"ஆட்டுக்கு வாலை அளந்துதான் வைத்திருக்கிறான்" என்பதையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெள்ளாட்டுக்கு வால் குட்டை, பெரும்பாலும் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். செம்மறிக்குத் தொங்கும். தூரத்திலிருந்து எது வெள்ளாடு, எது செம்மறி என்று சொல்ல இது நல்ல அடையாளம். ஆனால் வறண்ட நிலங்களில் வளரும் கொழுப்புவால் செம்மறிகளுக்கு வாலே பல கிலோ எடை இருக்கும். மேய்ச்சல் இல்லாத மாதங்களுக்கு அதுதான் கையிருப்பு. அளந்து வைத்தது உண்மைதான், ஒவ்வோர் ஆட்டுக்கும் அளவு வேறு.

அடுத்து, வால் செய்யும் வேலைகள். எல்லாவற்றையும் அடுக்கினால் முடியாது, எனக்கு முக்கியமாகப் படுகிறவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டம். வேகமாக ஓடும் உடம்பு திடீரென்று திரும்ப வேண்டுமானால் ஏதாவது ஒன்று எதிர்ப்பக்கம் வீசப்பட வேண்டும். சிவிங்கிப்புலிக்கு 60 முதல் 80 செ.மீ. நீளமுள்ள வால் அதைச் செய்கிறது. மான் வலப்பக்கம் வெட்டித் திரும்பினால் துரத்தும் சிவிங்கிப்புலியின் வால் சுழன்று உடம்பைக் கவிழாமல் காக்கிறது. சுவரிலிருந்து நழுவி விழும் பல்லி, வாலைச் சுழற்றியே காற்றில் தன்னைத் திருப்பிக் கால் கீழே வரும்படி செய்துகொள்கிறது. பூனையும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பூனை முதுகெலும்பை நடுவில் வளைத்து, முன்பாதியையும் பின்பாதியையும் வெவ்வேறாகத் திருப்பித்தான் நேராகிறது. வாலில்லாத மாங்ஸ் பூனையும் காலூன்றித்தான் விழும்.

கங்காரு மெதுவாக மேயும்போது வாலைத் தரையில் ஊன்றி ஊன்றி நகரும். அது வெறும் ஊன்றுகோல் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2014-இல் அளந்து பார்த்தபோது, உடம்பை முன்னால் தள்ளும் விசையில் முன்கால்களும் பின்கால்களும் சேர்ந்து தரும் அளவுக்கு வால் ஒன்றே தருகிறது என்று தெரிந்தது. நடக்கும்போது கங்காருவுக்கு ஐந்து கால்கள்.

நீரில் இன்னும் அழகான வேறுபாடு இருக்கிறது. மீனின் வால் நட்டுக்குத்தாக நின்று இடவலமாக அசையும். திமிங்கிலத்தின் வால் படுக்கையாக இருந்து மேலும் கீழுமாக அசையும். காரணம் பரம்பரை. திமிங்கிலம் நிலத்தில் நாலு காலில் ஓடிய பாலூட்டியின் வழிவந்தது. பாலூட்டி பாய்ந்து ஓடும்போது முதுகெலும்பு மேலும் கீழும்தான் வளையும். கால் போனபின்னும் அந்த வளைவு மட்டும் வாலில் தங்கிவிட்டது. மேற்பரப்பில் ஒரு வாலசைவைப் பார்த்தே அது சுறாவா, திமிங்கிலமா என்று சொல்லிவிடலாம்.

குரங்கு என்றாலே வாலால் தொங்கும் என்று குழந்தைகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிறோம். ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளில் வளர்ந்த எதுவும் அப்படித் தொங்காது. அவற்றின் வால் கிளைமேல் நடக்கச் சமநிலை தருவது. வாலால் பிடித்துத் தொங்குபவை நடு, தென் அமெரிக்காவில் உள்ள சில இனங்கள்தான். சிலந்திக் குரங்கின் வால் நுனியில், உள்பக்கம் முடியில்லாமல், நம் விரல்ரேகை போன்ற வரிகளோடு ஒரு திட்டு இருக்கும். கையில் கட்டைவிரல் ஏறக்குறைய இல்லாத அந்தக் குரங்குக்கு அது இன்னொரு கை.

மாடும் குதிரையும் வாலால் ஈ விரட்டுவது தெரிந்ததே. 2018-இல் வந்த ஓர் ஆய்வு அதற்குள்ளும் ஒரு நுணுக்கத்தைக் காட்டியது. வால் பூச்சியின்மேல் பட வேண்டியதே இல்லை. வீச்சில் எழும் மெல்லிய காற்றே, கொசு பறக்கும் வேகத்துக்கு ஈடாக இருந்து, அவற்றில் ஏறத்தாழ பாதியை இறங்கவிடாமல் தடுக்கிறது. தப்பி இறங்கியவற்றுக்குத்தான் அடி. கலிஃபோர்னியாவின் தரை அணில் செய்வது இதைவிட வியப்பு. வெப்பத்தை உணரக்கூடிய கிலுகிலுப்பைப் பாம்பு எதிரே வந்தால் வாலுக்குள் சூடான ரத்தத்தை ஏற்றி ஆட்டும். வெப்பம் உணராத வேறு பாம்பு வந்தால் வாலை ஆட்டும், சூடேற்றாது. எதிரிக்கு எது புரியுமோ அந்த மொழியில் பேசுகிறது.

"தலை இருக்க வால் ஆடலாமா?" என்று கேட்பார்கள். பல்லியைப் பார்த்தால் தலையே இல்லாமல் வால் ஆடுகிறது. பல்லியின் வால் முள்ளெலும்புகள் சிலவற்றில், இரண்டு எலும்பு சேரும் இடத்தில் அல்லாமல், ஒரே எலும்பின் நடுவிலேயே முன்கூட்டி அமைந்த முறிவுக்கோடு இருக்கிறது. எதிரி பிடித்ததும் பல்லி தசையை இறுக்கி அந்தக் கோட்டில் உடைத்துக்கொள்கிறது. ரத்தக்குழாய்கள் உடனே சுருங்குவதால் ரத்தம் அதிகம் போகாது. விழுந்த துண்டுக்குள் தண்டுவடத்தின் ஒரு பகுதி இருப்பதால், மூளையின் கட்டளை இல்லாமலே அது சில நிமிடங்கள் துள்ளும். எதிரி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பல்லி போய்விடும். அடங்காத பிள்ளையை "அறுந்த வாலு" என்று திட்டுவதன் பொருத்தம் அந்தத் துள்ளலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு எளிதாகக் கழலும் வால், சுவரில் ஓடும்போது ஏன் தானாக விழுந்துவிடுவதில்லை? 2022-இல் வெளியான ஆய்வில் முறிவு முகத்தை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். காளான் தலை வடிவில் சின்னஞ்சிறு தூண்கள் வரிசையாக நின்று எதிர்ப்பக்கத்தைப் பிடித்திருக்கின்றன. நேராக இழுத்தால் பிடி நிற்கும், ஒரு பக்கமாக வளைத்தால் ஒவ்வொன்றாக விட்டுவிடும்.

ஆனால் இது இலவசத் தப்பித்தல் அல்ல. சேமித்த கொழுப்பு போகிறது, ஓட்டத்தின் சமநிலை போகிறது, பல இனங்களில் துணை தேடுவதிலும் பின்தங்குகிறது. திரும்ப வளரும் வாலில் முள்ளெலும்புகள் இருக்காது, குருத்தெலும்பாலான ஒரு குழல் மட்டுமே இருக்கும். அதனால்தான் சில பல்லிகள் ஆபத்து நீங்கியதும் திரும்பி வந்து விழுந்த வாலைத் தின்றுவிடும். ஓணானுக்கும் உடும்புக்கும் இந்த ஏற்பாடு இல்லை. அவற்றின் வால் போனால் போனதுதான். ஓணானைப் பிடித்து விளையாடும் சிறுவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இப்போது நம் வால். மனிதனுக்கு மட்டும் வால் இல்லை என்பது சரியல்ல. சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் எதற்கும் இல்லை. சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் பொதுமூதாதை மற்ற குரங்குகளிடமிருந்து பிரிந்தபோது வால் போனது. அதற்காக அதன் தடமே நம்மிடம் இல்லை என்று ஆகிவிடாது. தாயின் வயிற்றில் நான்காவது வாரத்தில் எல்லோருக்கும் வால் முளைக்கிறது, முள்ளெலும்பு ஆகவேண்டிய பத்துப் பன்னிரண்டு துண்டுகளோடு. எட்டாவது வாரத்துக்குள் அந்தச் செல்கள் தாமே அழிந்து உள்ளே அடங்கிவிடுகின்றன. மிஞ்சுவது வால் எலும்பு, பெரும்பாலும் நான்கு சிறு எலும்புகள் ஒட்டியது.

எப்படிப் போனது என்பதற்கு 2024 பிப்ரவரியில் நேச்சர் இதழில் ஒரு நல்ல விடை வந்தது. டிபிஎக்ஸ்டி என்ற மரபணு வால் வளர்ச்சிக்கு முக்கியம். அதில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தின் விளைவை 1927-இலேயே குட்டைவால் எலிகளில் கண்டிருந்தார்கள். ஆலு எனப்படும், சுமார் 300 எழுத்து நீளமுள்ள, மரபணுத் தொகுப்பில் அங்குமிங்கும் தாவி உட்காரும் ஒரு துண்டு, நம் மூதாதையின் அந்த மரபணுவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் மரபணுவைப் படிக்கும்போது ஒரு பகுதி விடுபட்டு, அந்தப் பகுதி இல்லாத குட்டையான புரதம் ஒன்றும் உருவாகிறது. எலிகளில் அந்த நிலையை உண்டாக்கிப் பார்த்தபோது வால் குட்டையாகவோ, இல்லாமலோ பிறந்தன. கூடவே சில எலிகளுக்குத் தண்டுவடம் சரியாக மூடாத குறையும் வந்தது. மாங்ஸ் பூனைக்கும், பிறவியிலேயே குட்டைவாலுள்ள சில நாயினங்களுக்கும் இதே மரபணுவில்தான் மாற்றம். மாங்ஸ் பூனைகளில் பல, தண்டுவடக் குறையால் சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடியாமல் துன்பப்படுகின்றன. வாலை மட்டும் தனியாக அழிக்க முடிவதில்லை. அது முதுகெலும்போடு சேர்ந்த ஏற்பாடு என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

வால் இல்லாததால் நிமிர்ந்து நடக்க வழி பிறந்தது என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. கிப்பன், கொரில்லா எல்லாம் வாலில்லாமலே வேறு வேறு விதமாக நகர்வதைப் பார்க்கும்போது அதை அவ்வளவு நேராகச் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து.

மிஞ்சிய வால் எலும்பு வீண் எலும்பும் அல்ல. இடுப்படித் தளத்தைத் தாங்கும் தசைகளும் தசைநார்களும் அதில் பிடித்திருக்கின்றன. உட்கார்ந்து பின்னால் சாயும்போது உடல் எடையில் ஒரு பங்கை அது வாங்குகிறது. வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்தவர்களுக்கும், பிரசவத்துக்குப் பிறகு சில தாய்மார்களுக்கும் அங்கே வலி வாரக்கணக்கில் இருக்கும். சற்று முன்னால் குனிந்து உட்காருவது, பின்பக்கம் வெட்டுள்ள மெத்தை வைத்துக்கொள்வது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காராதிருப்பது, இவை போதும். பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நம் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கீழே கற்றையாகத் தொங்கும் நரம்புகளுக்கு மருத்துவத்தில் குதிரைவால் என்றே பெயர். முதுகு வலியோடு தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அந்தக் கற்றை நசுங்கியிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எலும்பில்லாத வால்கள் பல உண்டு, அவற்றைச் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். பட்டத்துக்கு வால் கட்டுவது அழகுக்கல்ல. காற்று அதைப் பின்னால் இழுப்பதால் பட்டத்தின் முகம் எப்போதும் காற்றை நோக்கி நிற்கும், சுழன்று குப்புற விழாது. விமானத்தின் வாலும் மூக்கு அலையாமல் பிடித்து வைக்கிறது. ஹெலிகாப்டரின் மேல்விசிறி ஒரு பக்கம் சுழலும்போது உடற்பகுதி எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும், வாலில் உள்ள சின்ன விசிறி அதைத் தடுக்கிறது. வால் நட்சத்திரத்தின் வால் மட்டும் இந்த வழக்கத்துக்கு அடங்காது. அது பின்னால் வருவதில்லை. சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்கிறது. 1531-இல் ஹாலி வால் நட்சத்திரத்தைக் கவனித்த ஜெர்மன் வானியலாளர் அப்பியானஸ் இதை எழுதி வைத்தார். சூரியனைச் சுற்றிவிட்டு வெளியே போகும்போது வால் முன்னே போகும், தலை பின்னே போகும். மின்னேற்றம் பெற்ற வாயுவாலான வால் ஒன்று, தூசியாலான வளைந்த வால் ஒன்று என இரண்டு இருக்கும். அந்த வாயு வாலின் போக்கை வைத்துத்தான் ஜெர்மன் வானியலாளர் லுட்விக் பியர்மன் 1951-இல், சூரியனிலிருந்து துகள்கள் இடைவிடாமல் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஊகித்தார். பின்னர் விண்கலங்கள் அந்தச் சூரியக்காற்றை நேரிலேயே அளந்தன. 1910 மே மாதம் ஹாலியின் வாலுக்குள் பூமி புகுந்து போகும் என்றதும் நச்சுவாயு வரும் என்று பலர் அஞ்சினார்கள். அந்த வால் அவ்வளவு மெல்லியது, ஒன்றும் நடக்கவில்லை. அது மறுபடி வருவது 2061-இல்.

கடைசியாக, "வாலை ஒட்ட நறுக்கிடுவேன்" என்ற மிரட்டலை நிஜமாகவே செய்யும் வழக்கத்தைப் பற்றி. அழகுக்காக நாய்க்குட்டியின் வாலை வெட்டுவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். பிறந்து சில நாட்களில் வெட்டினால் வலிக்காது என்று சொல்லப்படுவது தவறு, குட்டிகளுக்கு வலி உணரும் நரம்பு அப்போதே இருக்கிறது. வெட்டிய நரம்பு முனைகள் முடிச்சாக வளர்ந்து பின்னாளில் தொல்லை தரலாம். அதைவிட முக்கியம், வால் போன நாய்க்குப் பாதிப் பேச்சு போகிறது. கனடாவில் 2008-இல் பொம்மை நாய்க்கு மாட்டி ஆட்டும் வால்களை வைத்துச் சோதித்தார்கள். நீண்ட வால் ஆடினால் மற்ற நாய்கள் தயங்காமல் நெருங்கின, ஆடாமல் நின்றால் தயங்கின. குட்டை வாலாக இருந்தபோது ஆடுவதற்கும் ஆடாததற்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-இன் விலங்கு நலச் சட்டம் சில பணிநாய்கள், மருத்துவக் காரணம் தவிர மற்றபடி இதைத் தடுக்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகளிலும் தடை உண்டு. கறவை மாட்டின் வாலை வெட்டினால் மடி சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுத்தத்திலும் மடி நோயிலும் வேறுபாடு இல்லை, வெட்டப்பட்ட மாடுகள்மேல் ஈ மட்டும் கூடுதலாக மொய்த்தது.

வீட்டில் பூனை இருந்தால் வாலைப் பிடித்துத் தூக்கவோ, ஓடும்போது வாலைப் பிடித்து நிறுத்தவோ குழந்தைகளை விடாதீர்கள். வால் அடியில் இழுபடும்போது சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பும் சேர்ந்தே இழுபடுகிறது. கதவிடுக்கில் வால் நசுங்கிய பூனை அதற்குப் பிறகு வாலைத் தொங்கவிட்டே நடந்து, சிறுநீர் கழிக்காமலும் இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எலி, வெள்ளெலிக்கும் இதுதான், உள்ளங்கையில் ஏந்தி எடுங்கள். அடிபட்டு அழுகிய வாலை மருத்துவரே எடுக்கச் சொன்னால் அது வேறு விஷயம், தயங்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள், நாயும் பூனையும் சில வாரங்களில் அந்தச் சமநிலைக்குப் பழகிக்கொள்ளும்.